சுமை தாங்கும் காற்றுப்பையின் வரலாறு



மலாக்கா என்றவுடன் மாட்டு வண்டியை நினைத்துக்கொள்பவர் பலர். கூரையின் முனைகள் கொம்பைப்போல மேல்நோக்கி வளைந்த அந்த வண்டி இம்மாநிலத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. படத்தில் பார்ப்பதற்கு அது அழகுதான். ஆனால் அதில் ஏறி மேடுபள்ளமான வழியில் போனவர்களுக்கு இன்னொரு செய்தியும் தெரியும். சக்கரத்தின் அச்சுக்கும் நாம் உட்காரும் பலகைக்கும் நடுவில் அதில் எதுவுமே கிடையாது. சக்கரம் ஒரு கல்லில் ஏறி இறங்கினால், அந்த அடி அப்படியே நம் இடுப்பில் விழும்.

இன்று அதே மலாக்காவில், ஜாசின் பக்கமோ அலோர் காஜா பக்கமோ தோட்டத்துச் செம்மண் சடக்குகளில் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகள் ஓடுகின்றன. நம் மக்கள் அவற்றையெல்லாம் பொதுவாக ஜீப்பு என்றே சொல்லிவிடுவார்கள். செம்பனைக் குலை, உர மூட்டை, மாட்டுத் தீவனம், திருவிழா வந்தால் பந்தல் கம்பியும் நாற்காலியும் என்று எல்லாம் அவற்றின் பின்தட்டில்தான் ஏறுகின்றன. ஏற்ற ஏற்ற வண்டியின் பின்பக்கம் தாழ்கிறது, மூக்கு வானத்தைப் பார்க்கிறது. இப்படித் தாழ்கிற பின்பக்கத்தை நிமிர்த்துவதற்கு வந்த ஒரு பொருளைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம். அது ஒரு பை. அதற்குள் இருப்பது வெறும் காற்று. அந்தக் காற்றைப் பிடித்து வைப்பதற்கு மனிதனுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அந்த வரலாற்றில் நம் மலாக்காவுக்கும் நம் பாட்டன் பாட்டிகளுக்கும் ஓர் இடம் இருக்கிறது.

முதலில் இரும்பைப் பார்ப்போம். குதிரை வண்டிகள் ஓடிய காலத்தில், 1804-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஓபதையா எலியட் என்பவர், வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய வில் ஸ்பிரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். பட்டை வளைந்து கொடுப்பதால் பள்ளத்தின் அடி பாதியிலேயே தணிந்துவிடும். இந்தப் பட்டை ஸ்பிரிங்கே பின்னாளில் மோட்டார் வண்டிக்கும் வந்தது. 1948-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட லேண்ட்ரோவர் வண்டிக்கும் நான்கு மூலையிலும் பட்டை ஸ்பிரிங்தான். அதே ஆண்டு ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. அதற்குப் பிறகு தோட்டங்களில் துரைமார்களின் வண்டியாகவும் போலீஸ் வண்டியாகவும் லேண்ட்ரோவரைப் பார்த்தவர்கள் நம் குடும்பங்களில் உண்டு. அது போகாத வழி கிடையாது என்பார்கள். அதில் உட்கார்ந்து போனவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

இரும்பு ஸ்பிரிங்குக்கு ஒரு குறை உண்டு. அதன் கடினம் செய்யும்போதே தீர்மானமாகிவிடுகிறது. ஒரு டன் சுமைக்கு ஏற்றபடி செய்தால், வண்டி காலியாக ஓடும்போது பின்பக்கம் கட்டையைப்போலக் குதிக்கும். காலி வண்டிக்கு இதமாகச் செய்தால், ஒரு டன் ஏறும்போது படுத்துவிடும். காலையில் காலியாகவும் மாலையில் சுமையோடும் ஓடுகிற வண்டிக்கு எந்த இரும்பைப் போடுவது? வண்டி கட்டியவர்கள் நூறாண்டுக்கு மேல் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டினார்கள்.

காற்றுக்கு இந்தக் குறை இல்லை. 1662-ஆம் ஆண்டிலேயே ராபர்ட் பாயில் என்ற அறிஞர் இதன் அடிப்படையை எழுதி வைத்தார். அடைபட்ட காற்றை அது இருந்த இடத்தில் பாதிக்குள் அடக்கினால், அதன் அழுத்தம் இரு மடங்காகும். அதாவது, அமுக்க அமுக்கக் காற்று தானாகவே கடினமாகிக்கொண்டு போகிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்திப் பார்த்த பிள்ளைகளுக்கு இது தெரியும். முதலில் எளிதாக இறங்கும், கடைசியில் எவ்வளவு அழுத்தினாலும் இறங்காது. போதாது என்றால் இன்னும் கொஞ்சம் காற்றை அடைக்கலாம். சுமை இறங்கியதும் எடுத்துவிடலாம். இரும்பில் இதைச் செய்ய முடியுமா?

ஆனால் காற்றை எதில் அடைப்பது? தோலில் அடைத்தால் கசியும். துணியில் நிற்காது. 1839-இல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர், ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாமலும் குளிரில் உடையாமலும் இருப்பதைக் கண்டறிந்தார். அதன் பிறகுதான் வழி திறந்தது. 1845-இல் ஸ்காட்லாந்துக்காரரான ராபர்ட் வில்லியம் தாம்சன், ரப்பர் பூசிய துணிக் குழாயைத் தோலுறைக்குள் வைத்து, காற்றடைத்த சக்கரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். குதிரை வண்டியில் பூட்டி ஓட்டியும் காட்டினார். நன்றாகவே ஓடியது. ஆனால் ரப்பர் அன்று பெரும்பாலும் அமேசான் காட்டில் தானாக வளர்ந்த மரங்களிலிருந்து வந்தது. விலை அதிகம், கிடைத்ததும் கொஞ்சம். ஆகவே அவருடைய கருத்து அலமாரியில் தூங்கியது. 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவரான ஜான் பாய்டு டன்லப், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்று டயர் செய்து, தாமே முதலில் கண்டுபிடித்ததாக எண்ணிக் காப்புரிமை பெற்றார். தாம்சன் முந்திவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது, காப்புரிமையும் செல்லாமற்போனது. ஆனாலும் டன்லப்பின் பெயரே நின்றுவிட்டது. வரலாற்றில் இப்படியும் நடக்கிறது.

1895-இல் மிஷலின் சகோதரர்கள் பாரிஸிலிருந்து போர்தோ சென்று திரும்பும் பந்தயத்தில் காற்று டயர் பூட்டிய மோட்டார் காரை ஓட்டினார்கள். வழியெல்லாம் பல தடவை டயர் பஞ்சரானது. இருந்தாலும் மோட்டார் கார் காற்றின்மேல் ஓடும் என்பதை உலகம் பார்த்துவிட்டது. இனி ரப்பர் வேண்டும், ஏராளமாக வேண்டும்.

இந்த இடத்தில்தான் மலாக்கா வருகிறது.

ஹென்றி விக்காம் என்பவர் 1876-இல் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அவற்றில் முளைத்தவை சிலவே. அந்த வழியில் வந்த 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூரை அடைந்தன. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பேற்று வந்த ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல், முன்பு வெட்டிய இடத்திலேயே பட்டையை மெல்லியதாகச் சீவி மறுபடி மறுபடி பாலெடுக்கும் முறையைக் கண்டார். இன்று நம் வீட்டுப் பெரியவர்களின் கை தூக்கத்திலும் மறக்காத அந்த வெட்டு அங்கிருந்து வந்தது. கண்ட தோட்டக்காரர்களிடமெல்லாம் ரப்பர் நடுங்கள் என்று விதையைக் கையில் திணித்ததால், அவருக்குப் பைத்தியக்கார ரிட்லி என்று பெயர் வைத்தார்கள். காப்பியில் காசு பார்த்தவர்கள் அவர் பேச்சைக் காதில் வாங்கவில்லை.

வாங்கிக்கொண்டவர் மலாக்காவின் டான் சே யான். 1896-இல் மலாக்கா நகருக்கு அருகே புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவில் வியாபாரத்துக்காக நட்ட முதல் ரப்பர்த் தோட்டம் என்று பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார்கள். பிறகு குனோங் லேடாங் மலையடிவாரத்துப் பக்கம் புக்கிட் அசகானில் ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு விரித்தார். அந்த மண்ணில் முன்பு மரவள்ளி விளைந்தது. மரம் பால் கொடுக்க ஆறேழு ஆண்டு காத்திருக்க வேண்டும். நம்பிக் காத்திருந்தவர் அவர். மோட்டார் காரும் அதே சமயத்தில் பெருகியது அவருடைய நல்ல காலம்.

ஆனால் மரம் தானாகப் பால் கொடுத்துவிடாதே! தோட்டங்கள் பெருகப் பெருக ஆள் தேவைப்பட்டது. கங்காணிகள் தம் ஊருக்குப் போய் உறவினரையும் ஊராரையும் அழைத்துவந்தார்கள். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார்கள். 1907-இல் இந்தியக் குடியேற்ற நிதி அமைக்கப்பட்டு, ஆள் கொண்டுவரும் செலவைத் தோட்டங்கள் பொதுவில் ஏற்றன. 1938-இல் இந்திய அரசு இப்படி ஆள் அனுப்புவதைத் தடுக்கும்வரை அது நடந்தது. விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று, பனியில் மரம் வெட்டி, மங்கில் சொட்டிய பாலை வாளியில் சேர்த்து, தோள் கம்பின் இரு முனையிலும் வாளிகளைத் தொங்கவிட்டு ஸ்டோருக்கு நடந்தவர்களைப் பற்றி இந்த நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனிக்கலாம். அந்தத் தோள் கம்பு நடைக்கு ஏற்ப வளைந்து கொடுக்கும். வளையாத கம்பானால் தோள் புண்ணாகிவிடும். சுமைக்கும் உடலுக்கும் நடுவில் ஏதாவது ஒன்று வளைந்து கொடுக்க வேண்டும் என்பதை நம் பெரியவர்கள் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

இனி நாம் அமெரிக்காவுக்குப் போக வேண்டியிருக்கிறது. காரணம், நம் தோட்டத்துக் கூலியும் காற்றுப்பையின் வரலாறும் அங்கே ஒரே பெயரில் சந்திக்கின்றன. முதல் உலகப் போருக்குப் பிறகு ரப்பர் விலை விழுந்தது. 1922-இல் ஆங்கில அரசு ஸ்டீவன்சன் திட்டம் என்ற ஒன்றைக் கொண்டுவந்து, மலாயாவிலும் இலங்கையிலும் ரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி விலையைத் தூக்கியது. டயர் கம்பெனி நடத்திய ஹார்வி ஃபயர்ஸ்டோன் என்ற அமெரிக்கர் இதைக் கடுமையாக எதிர்த்தார். எதிர்த்ததோடு நிற்காமல், 1926-இல் ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் பத்து லட்சம் ஏக்கர் வரை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்க ஒப்பந்தம் செய்துகொண்டார். ஸ்டீவன்சன் திட்டம் 1928-இல் முடிந்தது. அடுத்த ஆண்டே உலகப் பொருளாதார மந்தம் வந்தது. ரப்பர் விலை தரையில் விழுந்தது. அதற்கு முன் ஐம்பது காசு என்றிருந்த ஆணின் நாள்கூலி படிப்படியாக வெட்டப்பட்டது. பல்லாயிரம் தமிழர்கள் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். மலாக்காத் தோட்டங்களிலும் லயங்கள் காலியாயின. அந்த 1930-களில்தான் அதே ஃபயர்ஸ்டோன் கம்பெனி, வண்டிக்கு இரும்பு ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர்ப் பையில் அடைத்த காற்றை வைக்கும் ஆராய்ச்சியில் இறங்கியது. இங்கே ரப்பருக்கு விலை இல்லை என்று ஆட்களைத் திருப்பியனுப்பிய நாளில், அங்கே ரப்பருக்குப் புது வேலை தேடிக்கொண்டிருந்தார்கள்.

காற்று ஸ்பிரிங் என்ற எண்ணம் அதற்கும் பழையது. 1901-இல் வில்லியம் ஹம்ஃப்ரீஸ் என்ற அமெரிக்கர் அதற்குக் காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் வெற்றி கண்டது பெரிய பஸ்களில். 1953-இல் ஜெனரல் மோட்டார்ஸ் கட்டிய கிரேஹவுண்ட் கம்பெனியின் நெடுந்தூர பஸ்கள் காற்றுப்பையின்மேல் ஓடத் தொடங்கின. பஸ்ஸில் பத்துப் பேர் இருந்தாலும் நாற்பது பேர் இருந்தாலும் தரையிலிருந்து அதே உயரம். 1964-இல் ஓடத் தொடங்கிய ஜப்பானின் அதிவேக ரயில் பெட்டிகளுக்கு அடியிலும் காற்று ஸ்பிரிங் இருந்தது. இன்று நாம் ஏறும் பல விரைவு பஸ்களுக்கு அடியிலும் இருக்கிறது. நிறுத்தத்தில் உஸ்ஸென்று கேட்கும் ஓசை சில சமயம் அதனுடையது.

கார்களில் கதை வேறுவிதமாக முடிந்தது. 1957-இலும் 1958-இலும் அமெரிக்கக் கார் கம்பெனிகள் விலையுயர்ந்த கார்களில் காற்றுப்பை வைத்து விற்றன. காற்று கசிந்தது. காலையில் எழுந்து பார்த்தால் கார் ஒரு பக்கம் படுத்திருக்கும். பலர் அதைக் கழற்றிவிட்டு இரும்புச் சுருளையே மாட்டிக்கொண்டார்கள். சில ஆண்டுகளிலேயே கம்பெனிகளும் கைவிட்டன. பஸ்ஸில் நின்ற பொருள் காரில் ஏன் நிற்கவில்லை? கருவியின் நுட்பக் குறைகள் ஒரு காரணம். மற்றொன்றையும் நாம் நினைத்துப் பார்க்கலாம். பஸ்ஸுக்கு ஒரு பட்டறையும், தினமும் அடியில் படுத்துப் பார்க்கும் ஆளும் இருந்தார்கள். காரை வாங்கியவர் அதன் அடியைப் பார்த்ததே இல்லை.

இதற்கிடையில் எளிமையான ஒரு வழியும் வளர்ந்தது. இரும்பை எடுத்துவிட வேண்டாம், அதற்குத் துணையாக ஒரு பையை வைத்தால் போதும் என்பதே அந்த வழி. 1949-இல் அமெரிக்காவின் மிஷிகன் மாநிலத்தில் ஏர் லிஃப்ட் என்ற கம்பெனி, இரும்புச் சுருளுக்குள் செருகும் காற்றுப்பையோடு தொழில் தொடங்கியது. வழக்கமான சுமையை இரும்பு தாங்கும், கூடுதல் ஏறும்போது பை கைகொடுக்கும். காட்டு வழி வண்டிகளைப் பொறுத்தவரை, 1992-இல் ரேஞ்ச்ரோவர் முழுக் காற்று ஸ்பிரிங்கோடு வந்தது. ஆனால் அதற்கு மின்சாரப் பம்பு, அளவு பார்க்கும் கருவி என்று ஏகப்பட்ட சாமான்கள். நம்மைப்போன்றோர் கைக்கு எட்டியது துணைப் பைதான்.

அதில் இரு வகை உண்டு. பின்பக்கம் சுருள் ஸ்பிரிங் உள்ள வண்டிக்கு, நீள உருளையான பை சுருளுக்குள்ளேயே போகும். பின்பக்கம் பட்டை ஸ்பிரிங் உள்ள பிக்கப்புக்கு, இரண்டு மூன்று மடிப்புள்ள தடித்த பை, மேலே வண்டியின் சட்டத்துக்கும் கீழே அச்சுக்கும் நடுவில் இரும்புத் தாங்கிகளின்மேல் நிற்கும். சுருளுக்குள் போகும் பை இக்காலத்தில் பெரும்பாலும் பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளால் ஆனது. மடிப்புப் பையோ நூல் வலை பதித்த ரப்பர்தான். ஒரு மைல் போவதற்குள் நூற்றுக்கணக்கான தடவை மடங்கி விரியும் வேலை அதனுடையது. இந்த வேலையில் நம் மரத்துப் பாலுக்குத் தனித்த ஒரு குணம் உண்டு. இழுபடும்போது அதன் நுண்ணிழைகள் ஒழுங்காக வரிசைப்பட்டு இறுகிக்கொள்ளும். அதனால் சிறு வெடிப்பு விழுந்தாலும் எளிதில் பரவாது. 1942-இல் ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் ரப்பர் கிடைக்காமற்போன அமெரிக்கர்கள் செயற்கை ரப்பரைப் பெருமளவில் செய்து பழகினார்கள். ஆனாலும் விமான டயருக்கும் கனரக லோரி டயருக்கும் இன்றுவரை மரத்துப் பாலை அவர்களால் விட முடியவில்லை.

பையைப் பூட்டுவது பெரிய வித்தை அல்ல. ஆனால் அவசரக்காரருக்கு உரியதும் அல்ல. சமதரையில் நிறுத்தி, முன்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, சட்டத்தில் ஜாக்கி கொடுத்துத் தூக்கி, உறுதியான தாங்கிகளின்மேல் வண்டியை உட்காரவைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக்கூடாது. அச்சு தொங்கும்போது சுருள் விரியும். காற்றை முழுதும் வெளியேற்றிச் சுருட்டிய பையை அந்த இடைவெளி வழியே உள்ளே நுழைக்கலாம். பட்டை ஸ்பிரிங் வண்டியில், அச்சு வந்து முட்டும் ரப்பர்க் கட்டை இருந்த இடத்தில்தான் பெரும்பாலும் மேல்தாங்கி வரும். பை நேராக நிற்க வேண்டும். டயரும் பிரேக் குழாயும் அதில் உரசக்கூடாது. புகைக்குழாய் அரையடிக்குள் இருந்தால் நடுவில் தகட்டு மறைப்பு வேண்டும். காற்றுக் குழாயைக் கூரான கத்தியால் நேராக வெட்ட வேண்டும். கத்தரிக்கோலால் நசுக்கி வெட்டிய குழாய் நிச்சயம் கசியும்.

இங்கே நாங்கள் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் செம்பனைக் குலை ஏற்றும் அண்ணன் ஒருவர், செலவைக் குறைக்க இரண்டு பைகளையும் ஒரே குழாயில் இணைத்து, ஒரே வாயில் காற்றடித்தார். நேர்ச் சாலையில் ஒன்றும் தெரியவில்லை. தோட்டத்து வளைவில் திரும்பியபோது, சுமை சாய்ந்த பக்கத்துப் பையிலிருந்த காற்று மறுபக்கத்துப் பைக்கு ஓடியது. தாங்க வேண்டிய பக்கம் படுத்தது, தூக்க வேண்டாத பக்கம் தூக்கியது. வண்டி வாய்க்காலில் சாய்ந்தது. குலைகள் மட்டும் போயின, ஆளுக்கு ஒன்றும் இல்லை. அன்று மாலையே அவர் பக்கத்துக்கு ஒரு குழாய் என்று மாற்றிவிட்டார்.

காற்றை எப்போது, எவ்வளவு அடிப்பது? காலி வண்டியில், பின்சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டு விளிம்புவரை எத்தனை அங்குலம் என்று அளந்து எழுதி வையுங்கள். சுமையை ஏற்றியபின் மறுபடி அளந்து, வண்டி தன் பழைய உயரத்துக்கு அருகே வரும்வரை அடித்தால் போதும், அதற்கு மேல் வேண்டாம். சுருளுக்குள் இருக்கும் பைகள் பொதுவாகச் சதுர அங்குலத்துக்கு 35 பவுண்டுக்கு மேல் தாங்கா. மடிப்புப் பைகள் 100 பவுண்டு வரை போகும். உங்கள் பைக்கு உரிய எண் அதனோடு வந்த தாளில் இருக்கும், அந்தத் தாளை எறிந்துவிடாதீர்கள். சுமை இல்லாதபோதும் 5 பவுண்டு அளவுக்காவது காற்று உள்ளே இருக்க வேண்டும். காற்றே இல்லாமல் ஓட்டினால், பை தன் மடிப்பிலேயே நசுங்கி, இரும்புக்கு நடுவில் கடிபட்டுக் கிழிந்துபோகும். வெடித்துப்போன பைகளை விட இப்படிக் காற்றில்லாமல் கடிபட்டுப்போன பைகளைத்தான் நாங்கள் அதிகம் பார்த்திருக்கிறோம். பை சிறியது என்பதால், அளவுமானியை வைத்துப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் காற்று போய்விடும். ஆகவே கைப்பம்பால் அடிப்பதே நல்லது. பெட்ரோல் நிலையத்துக் காற்று ஒரே நொடியில் மிஞ்சிவிடும்.

பூட்டிய அன்று இரவு காற்றடித்து வைத்து, விடிந்ததும் உயரத்தை அளந்து பாருங்கள். குறைந்திருந்தால் இணைப்புகளில் சவர்க்கார நீரைத் தடவினால், கசியும் இடத்தில் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் தாங்கிகளின் ஆணிகளை மறுபடி இறுக்க வேண்டும். செம்மண் சடக்கில் ஓடும் வண்டிக்கு மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையாவது பையின் மடிப்புகளில் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். காய்ந்த மண்ணும் சிறு கல்லும் மடிப்புக்குள் உட்கார்ந்து அரத்தைப்போல அராவிவிடும். மினுமினுப்பாக இருக்கட்டும் என்று டீசலோ எண்ணெயோ தடவக்கூடாது. மண்ணெண்ணெயில் விழுந்த ஒட்டுப்பால் உப்பிப்போவதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

இனி முக்கியமான செய்திக்கு வருகிறோம். பை வண்டியை நிமிர்த்துகிறது, வண்டியைப் பலப்படுத்துவதில்லை. 750 கிலோ ஏற்றலாம் என்று கம்பெனி சொன்ன வண்டி, பை போட்டபின்னும் 750 கிலோ வண்டிதான். அச்சு, டயர், பிரேக், சட்டம் எல்லாம் பழையவையே. முன்பு வண்டி தாழ்ந்து, போதும் என்று நம்மை எச்சரித்தது. பை வந்தபின் அந்த எச்சரிக்கை மறைந்துவிடுகிறது. பட்டை ஸ்பிரிங் இரு முனைகளில் சட்டத்தைத் தாங்குகிறது, பையோ ஒரே இடத்தில் குத்துகிறது. சுமையை அச்சுக்குப் பின்னால் கடைசியில் குவித்து, பையில் காற்றை ஏற்றி, மேடுபள்ளத்தில் ஓட்டிய பிக்கப்புகளின் சட்டம் அந்த இடத்தில் வளைந்ததும் விரிசல் விட்டதும் ஆஸ்திரேலியாவின் நெடுவழிகளில் அடிக்கடி கண்ட செய்தி.

அதைவிடப் பயங்கரமானது கண்ணுக்குத் தெரியாதது. பல பிக்கப்புகளில் சட்டத்துக்கும் பின் அச்சுக்கும் நடுவில் ஒரு சிறு கம்பி இருக்கும். வண்டி தாழ்ந்தால் அது பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தத்தைக் கொடுக்கும், உயர்ந்தால் குறைக்கும். சுமை ஏறியிருக்கிறதா என்பதை அது உயரத்தை வைத்தே அறிகிறது. பை வண்டியை நிமிர்த்திவிட்டால், ஒரு டன்னுக்கு அருகே சுமை இருந்தும், வண்டி காலி என்று அது நம்பிவிடும். பின் பிரேக் சரியாகப் பிடிக்காது. உங்கள் வண்டியில் அந்தக் கம்பி இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேட்டு, பை பூட்டும்போதே அதையும் சரிசெய்ய வேண்டும். வண்டியில் மாற்றம் செய்வதற்கு அனுமதி வேண்டுமா என்பதைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் கேட்டுக்கொள்வதும் அவசியம். பின்பக்கம் நிமிர்ந்து நிற்கிறதே, குலுக்கல் இல்லையே என்று பின்தட்டில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போகிறவர்களை நாங்கள் பார்க்கிறோம். பிரேக் பிடிக்காத இறக்கத்தில் அந்தப் பிள்ளைகளுக்குப் பிடித்துக்கொள்ள என்ன இருக்கிறது?

புக்கிட் அசகான் பக்கம் இன்று போனால் பெரும்பாலும் செம்பனையே கண்ணில் படும். 1960-களிலிருந்தே தோட்டங்கள் ரப்பரை விட்டுச் செம்பனைக்கு மாறத் தொடங்கின. நீண்ட காலம் உலகில் முதலிடத்தில் இருந்த மலேசிய ரப்பரை 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்து முந்திவிட்டது. இன்று நம் தொழிற்சாலைகளே வெளியிலிருந்து ரப்பர் வாங்குகின்றன. ஆகவே உங்கள் வண்டியின் பின்னே இருக்கும் பையில் உள்ள பால் எந்த நாட்டு மரத்துடையது என்று சொல்ல முடியாது. வெட்டிய கை எந்த மொழிக்காரருடையது என்றும் தெரியாது. மழை விட்டதும் ஒரு வாளித் தண்ணீரோடு வண்டிக்கு அடியில் குனிந்து, பையின் மடிப்பை விரலால் விரித்துப் பாருங்கள். நூல் தெரிகிற அளவுக்கு வெடிப்பு இருந்தால், இன்னும் ஒரு மாதம் ஓட்டலாம் என்று நினைக்காமல் அதை மாற்றிவிடுங்கள், இரண்டு பக்கத்தையும் சேர்த்து.